ஐந்தாவது பங்காளி

கோவை அண்ணா சிலையருகே அவினாசி சாலையில் கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறி, நடத்துநர் கூவும் நிறுத்தங்களை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தால் போதும். லட்சுமி மில்ஸ், நவ இந்தியா, பி.எஸ்.ஜி., ஹோப் காலேஜ், சிட்ரா, சின்னியம்பாளையம் என்று ஊரின் நூற்றாண்டுக் கதை வரிசையாக வந்துவிடும். ஒன்று ஆலை. ஒன்று நின்றுபோன நாளிதழ். ஒன்று பஞ்சாலைகளின் ஆராய்ச்சிக்கூடம். ஹோப் காலேஜ் என்பது ஜி.டி. நாயுடுவின் கொடையில் 1945-இல் சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் பிறந்த கல்லூரி. கல்லூரி அரசின் கைக்குப் போய், தடாகம் சாலைக்கு இடம் மாறி, பெயரையும் மாற்றிக்கொண்டது. நிறுத்தம் மட்டும் பழைய பெயரை விடவில்லை.

இவற்றில் பி.எஸ்.ஜி. என்பதுதான் விசித்திரமான பெயர். பொறியியல் கல்லூரியா, கலைக் கல்லூரியா, மருத்துவமனையா, எதற்கு இறங்க வேண்டும் என்று பயணிகள் கேட்பார்கள்; அந்த மூன்றெழுத்து யார் என்று கேட்கிறவர் அரிது. பூளைமேடு சாமநாயுடு கோவிந்தசாமி நாயுடு. ஊர், தகப்பன், தான். நம் வழக்கப்படி ஊருக்கும் தகப்பனுக்கும் தலைப்பெழுத்தைத் தந்து, சொந்தப் பெயரை முழுதாக எழுதுவோம். இங்கே மூன்றாவது ஆளும் தலைப்பெழுத்தாகவே சுருங்கிவிட்டார். ஒரு மனிதர் முழுக்க முழுக்க மூன்று எழுத்தாகி, அந்த எழுத்துக்குள் பல ஆயிரம் பேர் படித்து, பிரசவித்து, வேலை கற்று வெளியேறுகிறார்கள். பெயர் பெற்றார் என்பதைவிடப் பெயர் கரைந்துபோனார் என்பதே பொருந்தும்.

அவர் பெயரிலான அறக்கட்டளை 1926-இல் எழுதப்பட்டது. 2026-இல் அதற்கு நூறு வயது. நூற்றாண்டு விழாக்களில் படத்துக்கு மாலை விழும், மலர் வெளியாகும், மேடையில் வள்ளல் என்ற சொல் பலமுறை உச்சரிக்கப்படும். அவையெல்லாம் நடக்கட்டும். அந்த 1926-ஆம் ஆண்டில் உண்மையில் நடந்த காரியம் என்ன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் அது வழக்கமான கொடைக் கதை இல்லை. அது ஒரு பாகப்பிரிவினைக் கதை.

இன்று பீளமேடு என்று எழுதப்படும் ஊர், பூளைச் செடி மண்டிக் கிடந்த மேடு என்பதால் பூளைமேடு ஆயிற்று என்பார்கள். தை பிறப்பதற்கு முன் கொங்கு வீடுகளில் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்துக் கட்டுகிறார்களே, அதே வெள்ளைப் பூ. கரிசலும் செம்மண்ணும் கலந்த நிலம். மழை குறைவு. கிணறு வெட்டி, கமலை பூட்டி, மாட்டின் முதுகு ஒடிய இறைத்தால்தான் வெள்ளாமை. பருத்தி அந்த மண்ணுக்கு ஒத்துப்போன பயிர். வீட்டில் தெலுங்கும் காட்டிலும் சந்தையிலும் தமிழும் பேசிய உழவர் குடும்பங்கள் பல அங்கே இருந்தன. கோவிந்தசாமி நாயுடுவின் குடும்பம் அவற்றில் ஒன்று.

1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பாலை தொடங்கினார். அதுவரை இந்த வட்டாரத்துப் பருத்தி பொதியாகக் கட்டப்பட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியப் பருத்தி வந்தது. இழை நீளம், விலை அதிகம், ஆனால் தண்ணீர் கேட்கும் பயிர். கிணறு வைத்திருந்தவர்கள் கையில் காசு புரண்டது. கொள்ளைநோய் கோவையை மீண்டும் மீண்டும் தாக்கிய காலமும் அதுதான். பிளேக் மாரியம்மன் என்று அம்மனுக்கே நோயின் பெயரை வைத்த ஊர் இது. ஒருபக்கம் சாவு, மறுபக்கம் பருத்தி. இரண்டுக்கும் நடுவில் சில உழவர் குடும்பங்கள் பருத்தி விளைவிப்பதிலிருந்து வாங்கி விற்பதற்கும், விற்பதிலிருந்து கொட்டை நீக்குவதற்கும், அங்கிருந்து நூற்பதற்கும் படிப்படியாக ஏறின. பம்பாயைப் போல வணிகர் குலங்கள் தொடங்கிய ஆலைகள் இல்லை இவை. மண்வெட்டி பிடித்த கை மறுதலைமுறையில் ஆலைச் சங்கை ஊதிய கதை. பீளமேட்டு நாயுடு குடும்பம் 1920-களில் தொடங்கிய ரங்கவிலாஸ் ஆலையும் அப்படி வந்ததுதான்.

இப்படி ஏறிய குடும்பத்தில் சொத்து பெருகும். சொத்து பெருகிய வீட்டில் ஒருநாள் பாகம் பிரிக்க வேண்டி வரும். நம் ஊரில் பாகப்பிரிவினை என்ற சொல்லைக் கேட்டதும் மனத்தில் எழும் காட்சி நல்லதாக இருப்பதில்லை. வரப்புத் தகராறு, கிணற்றுப் பங்கு, பாத்திரம் வரை எண்ணும் எண்ணிக்கை, பேச்சுவார்த்தை அறுந்த அண்ணன் தம்பிகள். பங்காளி என்ற சொல்லுக்கே நம் மொழியில் இரண்டு முகம் உண்டு. பங்கு உடையவன் என்பது அகராதி. எந்நேரமும் வழக்குப் போடக்கூடியவன் என்பது அனுபவம்.

கோவிந்தசாமி நாயுடுவுக்கு நான்கு மகன்கள். வெங்கடசாமி, ரங்கசாமி, கங்கா, நாராயணசாமி. சொத்தை நான்காகப் பிரிக்க வேண்டிய இடத்தில் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தருமத்துக்கு. தருமத்தை ஐந்தாவது மகனாக வைத்தார்கள் என்பது பீளமேட்டில் இன்றும் சொல்லப்படும் வழக்கு. 1926-இல் 2,01,000 ரூபாயோடு பி.எஸ்.ஜி. அண்ட் சன்ஸ் சாரிட்டீஸ் உருவானது. தகப்பன் பெயர் முன்னால், மகன்கள் பின்னால். மகன்களில் எவர் பெயரும் தனியாக இல்லை.

அந்தத் தொகையைக் கவனியுங்கள். இரண்டு லட்சம் என்று முழுதாக நிறுத்தவில்லை. இரண்டு லட்சத்து ஓராயிரம். கல்யாண மொய் எழுதும்போது நூறு என்று எழுதமாட்டோம், நூற்றொன்று என்போம். சுழியில் முடிந்தால் அது கணக்குத் தீர்த்தது போலாகிவிடும். ஒன்று மிஞ்சினால் தொடர்ச்சி உண்டு என்பது நம்பிக்கை. இந்தத் தொகையின் வாலில் நிற்கும் ஓராயிரத்தை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். ஒரு பவுன் தங்கம் இருபது ரூபாயை எட்டாத காலம் அது. பத்தாயிரம் பவுனுக்கு மேல் மதிப்புள்ள பணம்.

இந்தக் காரியத்தின் அருமை தெரிய வேண்டுமானால் அன்றைய சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்துச் சட்டத்தின் மிதாட்சர முறைப்படி கூட்டுக் குடும்பத்துப் பூர்விகச் சொத்தில் மகனுக்குப் பிறந்த கணமே உரிமை வந்துவிடும். தகப்பன் குடும்பத்துக் கர்த்தா. நிர்வகிக்கலாம், ஆனால் தன் இஷ்டத்துக்குத் தானம் செய்துவிட முடியாது. கோயிலுக்கோ தருமத்துக்கோ ஒரு சிறு பகுதியைத் தரலாம், அவ்வளவுதான். பெரும்பங்கு ஒன்றைப் பொதுவுக்கு ஒதுக்க வேண்டுமானால் பங்குதாரர் எல்லாரும் மனமொத்துக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் முகம் சுளித்திருந்தால் போதும், காரியம் நின்றிருக்கும். ஆகவே இது ஒரு வள்ளலின் கொடை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நான்கு அண்ணன் தம்பிகள் தத்தம் பங்கு குறைவதற்கு ஒப்புக்கொண்ட காரியம். நாலில் ஒன்று கிடைக்க வேண்டிய இடத்தில் ஐந்தில் ஒன்று போதும் என்றார்கள்.

இல்வாழ்வான் ஓம்ப வேண்டியவர்களை வள்ளுவர் ஐந்தாக எண்ணினார். முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றம், கடைசியில் தான். அந்தக் கணக்கில் தானும் ஐந்தில் ஒருவன்தான். மற்ற நால்வருக்கும் கொடுத்ததுபோக மிஞ்சுவதில் தனக்கு என்றில்லாமல், மற்றவரோடு சரிசமமாக வரிசையில் நிற்பவன். பீளமேட்டுச் சகோதரர்கள் அந்தக் குறளை வைத்துத்தான் பிரித்தார்களா என்று சொல்லத் தேவையில்லை. உழவர் வீட்டுக் களத்தில் நெல் அளக்கும்போதே இந்தக் கணக்கு உண்டு. கோயிலுக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, குடிமைத் தொழில் செய்தோருக்கு என்று அளந்தபிறகுதான் மூட்டை வீட்டுக்குப் போகும். அந்தப் பழைய அளவையில் சாதி அடுக்கும் அடிமைத்தனமும் கலந்திருந்தன என்பதும் உண்மை. ஆனால் விளைந்தது முழுதும் விளைத்தவனுக்கே என்ற எண்ணம் அந்தக் களத்தில் இருக்கவில்லை. களத்துமேட்டுக் கணக்கு ஆலை முதலாளியின் பத்திரத்துக்குள் நுழைந்ததுதான் 1926-இல் நடந்தது.

கொடையின் பிற வடிவங்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். சென்னையில் பச்சையப்ப முதலியார் ஏழ்மையில் பிறந்து, துபாஷாக, அதாவது மொழிபெயர்க்கும் தரகராக, பெரும் பொருள் சேர்த்து, 1794-இல் நாற்பது வயதில் மறைந்தார். கோயில் தருமங்களுக்காக உயில் எழுதிவைத்தார். அவர் கண் மூடிய பின் உறவினர்களின் வழக்கு. பணம் பல பத்தாண்டுகள் முடங்கியது. நீதிமன்றமும் அரசு வழக்கறிஞரும் தலையிட்டு மீட்டு, தருமங்கள் போக மிஞ்சிய தொகையில் பள்ளி திறந்தபோது ஆண்டு 1842. கொடுத்தவர் போய் 48 ஆண்டுகள். நல்ல மனம் இருந்தது. அதைத் தாங்கிப் பிடிக்க வீட்டில் ஆள் இல்லை. அந்தத் தருமத்துக்குப் பங்காளிகள் எதிரிகளாக இருந்தார்கள்.

இன்னொரு முனையில் கோட்டையூர் அழகப்ப செட்டியார். அன்னி பெசன்ட் நூற்றாண்டான 1947-இல் நடந்த நினைவுக் கூட்டத்தில், செல்வர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கேட்க, அங்கேயே எழுந்து அறிவித்தவர். அந்த ஆண்டே காரைக்குடியில் கல்லூரி. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் தன் ஊருக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். பெண்கள் கல்லூரிக்காகத் தான் வாழ்ந்த வீட்டையே விட்டார். 1957-இல் ஐம்பது வயதுகூட நிரம்பாமல் மறைந்தபோது வறண்ட செட்டிநாட்டில் ஒரு கல்வி நகரமே எழுந்திருந்தது. அது ஒரு தனி மனிதரின் வேகம். காட்டுத்தீ போன்ற கொடை. அப்படி ஒருவர் எப்போதோ ஒருமுறைதான் பிறப்பார். அவருக்காக ஊர் காத்திருக்க முடியாது.

பீளமேட்டு வழி இந்த இரண்டிலும் சேராதது. தருமம் இங்கே இறந்தபின் நிறைவேற வேண்டிய ஆசையும் இல்லை, ஒருவருடைய உள்ளக் கொதிப்பும் இல்லை. சட்டப்படி பங்கு பெற்ற குடும்ப உறுப்பினர். பங்கு பெற்றவன் என்றால் வாங்கித் தின்றுவிட்டு உட்கார முடியாது. உழைத்துத் தன் பங்கைப் பெருக்க வேண்டும். அந்த ஐந்தாவது தம்பி அதைத்தான் செய்தான்.

அறக்கட்டளை எழுதப்பட்ட அதே 1926-இல் தொழிற்கூடம் ஒன்று தொடங்கியது. பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட். தருமம் என்றால் சத்திரம், தண்ணீர்ப் பந்தல், அன்னதானம் என்று இருந்த காலத்தில், தருமப் பணத்தை உலைக்களத்திலும் கடைசல் இயந்திரத்திலும் போட்டார்கள். இரும்பை உருக்கி வார்த்து, கடைந்து, விற்கவும் செய்தார்கள். கற்பவன் உண்மையான இயந்திரத்தில் உண்மையான வேலையைச் செய்து கற்பான். கூடம் தன் செலவுக்குத் தானே சம்பாதிக்கும். பஞ்சாலைகள் பெருகும் ஊரில் உதிரி பாகம் ஒவ்வொன்றுக்கும் இங்கிலாந்திலிருந்து கப்பல் வரவேண்டிய நிலை. பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் இல்லை. 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தபோது ஆலைகள் வரிசையாக எழுந்தன. கிணறுகளில் கமலைக்குப் பதில் மோட்டார் இறங்கியது. அந்த மோட்டாரைச் செய்யவும் பம்பை வார்க்கவும் கை பழகியவர்கள் இந்த ஊரில் தயாராக இருந்தார்கள் என்றால், அதற்கு இந்தக் கூடமும் ஒரு காரணம். கோவையின் சந்துகளில் இன்றும் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் தொழில் எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், யாரிடம் கற்றார், அவர் யாரிடம் கற்றார் என்று ஒரு குருபரம்பரையே சொல்வார். அப்படிப் பல பரம்பரைகள் ஏதோ ஓர் இடத்தில் பீளமேட்டு வாசலைத் தொட்டிருக்கும்.

1939-இல் பாலிடெக்னிக். 1947-இல் கலைக் கல்லூரி. 1951-இல் தொழில்நுட்பக் கல்லூரி. 1985-இல் மருத்துவக் கல்லூரி. இந்த வரிசையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் கை வேலை, பிறகு பட்டயம், பிறகு பட்டம். மேலிருந்து தொடங்காமல் பட்டறையிலிருந்து மேலே ஏறிய கல்வி. பொறியியல் கல்லூரியின் முதல் முதல்வர் ஜி.ஆர். தாமோதரன், அறிவியலைத் தமிழில் சொல்லக் கலைக்கதிர் என்ற மாத இதழை நடத்தியவர். நூற்பாலை ஊரில், ஆங்கிலத்தில் மட்டுமே பேசிக்கொண்டிருந்த விஞ்ஞானத்தைப் பட்டறைத் தமிழனுக்கும் பள்ளி ஆசிரியருக்கும் கொண்டுசேர்க்க வேண்டும் என்று தோன்றியதே, அதுவும் அந்த ஐந்தாம் பங்கின் வட்டிதான்.

தமிழ்நாட்டில் இயந்திரப் பொறியியல் படித்த எவரையும் கேளுங்கள். தேர்வறைக்குள் கொண்டுபோக அனுமதிக்கப்படும் தடித்த புத்தகம் ஒன்று உண்டு, பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக். சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கி, அட்டை கிழிந்து, ஓரங்களில் யார் யாரோ பென்சிலில் எழுதிய குறிப்புகளோடு கை மாறிக்கொண்டே இருக்கும். பல் சக்கரத்துக்கும் சுருள்வில்லுக்கும் தாங்கு உருளைக்கும் வேண்டிய எண்கள் எல்லாம் அதில் இருக்கும். பீளமேட்டையே பார்த்திராத திருநெல்வேலிப் பையன்கூட அந்த மூன்றெழுத்தைப் புரட்டித்தான் பாஸானான். 1926-இல் பாகம் பிரித்த நான்கு பேருக்கு இப்படியொரு பேரன் பிறப்பான் என்று தெரிந்திருக்க வழியில்லை.

இவ்வளவும் சொன்னபின் இன்னொரு பக்கத்தையும் புரட்டியாக வேண்டும். மாலை போடுவது மட்டும் நினைவுகூர்தல் ஆகாது.

முதலாவது, அந்தப் பாகப்பிரிவினையிலேயே இருந்த ஒரு வெற்றிடம். 1926-இல் மகனுக்குப் பங்கு உண்டு. தருமத்துக்கும் பங்கு கிடைத்தது. மகளுக்குச் சட்டப்படி எதுவும் இல்லை. எந்த ஒரு குடும்பத்தின் குற்றமாகவும் இதைச் சொல்லவில்லை. அன்று நாட்டின் சட்டமே அதுதான். தமிழ்நாட்டில் 1989-இல்தான் பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை வந்தது. நாடு முழுமைக்கும் 2005-இல். தருமத்தை மகனாக்க முடிந்த சமூகத்துக்கு மகளை மகனாக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அதே பீளமேட்டில் 1963-இல் எழுந்த பெண்கள் கல்லூரி கிருஷ்ணம்மாள் என்ற அந்தக் குடும்பத்துப் பெண்மணியின் பெயரைத் தாங்குகிறது. சட்டம் மறந்த பங்கின் ஒரு துளியைக் கல்வி திருப்பிக் கொடுத்தது என்று அதைச் சொல்லலாம்.

இரண்டாவது, நாம் தொடங்கிய பஸ்ஸின் கடைசி நிறுத்தம். பீளமேட்டைத் தாண்டிச் சிறிது தூரத்தில் சின்னியம்பாளையம். அந்த ஊரைச் சேர்ந்த நான்கு பஞ்சாலைத் தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். ஆலைத் தொழிலாளர் போராட்டத்தின் கொந்தளிப்பில் எழுந்த ஒரு கொலை வழக்கு அது. ஆண்டுதோறும் அந்த நாளில் தொழிற்சங்கத்தார் செங்கொடியோடு அங்கே கூடுகிறார்கள். கோவையின் ஆலைச் செல்வத்துக்குப் பின்னால் பஞ்சுத் தூசியை மூச்சில் வாங்கிய நெஞ்சுகள் இருந்தன. நீண்ட வேலை நேரமும், சங்கம் வைத்தால் வேலை போகும் பயமும் இருந்தன. வள்ளல்களின் ஊரும் தியாகிகளின் ஊரும் ஒரே சாலையில், சில நிறுத்தங்கள் இடைவெளியில் இருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டால் அது பாதி டிக்கெட்தான்.

இப்படிச் சொல்வதால் கொடை சிறுமைப்படாது. கொடை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அதற்கு உரிய கேள்வி. ஆலை முதலாளியின் சொத்து அவர் ஒருவர் உழைப்பில் விளைந்ததில்லை என்றால், அதில் ஐந்தில் ஒன்று ஊருக்குப் போவது தயவு ஆகாது. கடன் தீர்ப்பதன் தொடக்கம். பங்கு என்ற சொல்லின் நியாயமே இங்கேதான் இருக்கிறது. தானம் வாங்குகிறவன் கை கீழே இருக்கும். பங்கு கேட்கிறவன் நிமிர்ந்து கேட்கலாம். அறக்கட்டளைக்கு முன்பே, 1924-இல், பீளமேட்டில் எழுந்த பள்ளிக்குச் சர்வஜன என்று பெயர். எல்லா மக்களும். வைக்கத்தில் ஒடுக்கப்பட்டோர் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே போராட வேண்டியிருந்த அதே ஆண்டு. அந்தக் காலத்தில் எல்லாரும் என்ற சொல்லைப் பலகையில் எழுதுவதே ஒரு நிலைப்பாடு. அந்தச் சொல்லுக்கு எவ்வளவு தூரம் நியாயம் செய்தோம் என்பதைத்தான் நூறாண்டு கழித்துக் கணக்குப் பார்க்க வேண்டும், பி.எஸ்.ஜி. மட்டும் இல்லை, அறக்கட்டளைப் பலகை மாட்டிய எல்லாரும்.

அறக்கட்டளை என்ற சொல்லுக்கு இடையில் நேர்ந்த கதி நமக்குத் தெரியும். 1984-இல் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குத் தமிழ்நாடு கதவு திறந்தது. இன்று நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள். ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஓர் அறக்கட்டளையின் பெயரில்தான் நடக்கின்றன. நிறுவனரின் தாயார் பெயரும் தகப்பனார் பெயரும் வளைவில் மின்னுகின்றன. உள்ளே போனால் கட்டணப் பட்டியல். சுயநிதிக் கல்லூரிகளால் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் லட்சக்கணக்கில் வந்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சொத்தைப் பிரித்துத் தருமத்துக்குக் கொடுத்த காலம் போய், தருமத்தின் பெயரில் சொத்துச் சேர்க்கும் காலம் வந்தது என்று ஊர் பேசுகிறதே, அந்தப் பேச்சில் உண்மை இல்லையென்று யாரால் சொல்ல முடியும்?

சட்டமும் தன் பங்குக்கு ஒன்று செய்தது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல ஏற்பாடு, பல ஊர்களில் பள்ளிக் கழிப்பறையும் ஏரிக் கரையும் அதனால் சீராகியிருக்கின்றன. என்றாலும் இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இது லாபத்தில் நூற்றுக்கு இரண்டு. அது சொத்தில் ஐந்தில் ஒன்று. இது சட்டம் கேட்டதால் கொடுப்பது. அது சட்டம் கேட்காதபோது நான்கு பேர் கூடி முடிவு செய்தது. இதில் கொடுப்பவருக்கு ஆண்டறிக்கையில் ஒரு வண்ணப் பக்கம் உண்டு. அதில் கொடுத்தவர்கள் தங்கள் பெயரைக்கூடத் தகப்பன் பெயருக்குப் பின்னால் சன்ஸ் என்று மறைத்துக்கொண்டார்கள்.

ஊர்க்காரர் என்பதற்கும் ஒரு பொருள் இருக்கிறது. கோவிந்தசாமி நாயுடுவின் தலைப்பெழுத்தில் முதலில் நிற்பது ஊர்தான். அந்தக் காலத்து முதலாளி ஆலைக்கு எதிரிலேயே குடியிருந்தார். சங்கு ஊதினால் அவர் வீட்டிலும் கேட்கும். கோயில் திருவிழாவில் தொழிலாளியும் அவரும் ஒரே தெருவில் நின்றாக வேண்டும். ஊர் மெச்ச வேண்டும் என்ற ஆசையும், ஊர் பேசிவிடுமோ என்ற அச்சமும் கொடையின் இரு கரைகளாக இருந்தன. இன்றைய நிறுவனத்தின் பங்குகள் மும்பைச் சந்தையில் கைமாறுகின்றன; முதலாளியின் பேரன் வேறு கண்டத்தில் வளர்கிறான். அவனுக்கு ஊர் என்பது விடுமுறையில் வந்துபோகும் இடம். அவன் கெட்டவன் என்று சொல்ல வரவில்லை. அவன் காதுக்குச் சங்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அவினாசி சாலை நெடுகப் பழைய ஆலைகளின் கூரைகள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. நூல் ஓடிய இடத்தில் கடைவளாகமும் அடுக்குமாடியும் எழுகின்றன. மண்ணின் விலை பருத்தியின் விலையை என்றோ தாண்டிவிட்டது. மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறை வாரிசுகள் வழக்கறிஞரோடும் கணக்காயரோடும் உட்கார்ந்து பத்திரம் எழுதும் காலம் இது. 1926-இல் நடந்ததைவிடப் பல மடங்கு பெரிய பாகப்பிரிவினைகள் சார்பதிவாளர் அலுவலகங்களில் அன்றாடம் பதிவாகின்றன. வாரிசுகள் எத்தனை பேர் என்று எழுத்தர் கேட்பார். மகன்களையும் இப்போது மகள்களையும் எண்ணிச் சொல்வார்கள்.

அந்த இடத்தில் பீளமேட்டு நால்வர் இன்னொரு பெயரைச் சேர்த்துச் சொன்னார்கள். நூற்றாண்டில் அவர்களுக்கு மாலை போட நினைக்கிறவர்கள் அடுத்த முறை பத்திரம் எழுத உட்காரும்போது, எண்ணிக்கை சொல்லும் முன் ஒரு நொடி தயங்கினால் போதும்.